உண்மையைத்தானே எழுதினேன்

"உண்மையைத்தானே எழுதினேன், என்னை என்ன பண்ணிட முடியும்?"

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் எழுத்தாளர்களோ செய்தியாளர்களோ இல்லை. புது வீட்டின் சுவர் முதல் மழைக்கே ஊறியதை கூகுள் ரிவ்யூவில் எழுதியவர், மகனுக்குக் கட்டிய கோச்சிங் பணம் திரும்ப வரவில்லை என்று ஃபேஸ்புக்கில் புலம்பியவர், தெருவில் போட்ட தார் ரோடு சில மாதங்களிலேயே பெயர்ந்ததைப் படமெடுத்துப் போட்டவர். எழுதிய சில நாட்களில் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வருகிறது. கோடிக் கணக்கில் ஒரு தொகை, 'ஏழு நாட்களுக்குள்' என்று ஒரு கெடு, சிறைத் தண்டனை என்று எங்காவது ஓரிடத்தில். வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள். பதிவை அழித்துவிட்டு, அதற்கப்புறம்தான் எனக்கு ஃபோன் செய்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்திகள் எழுதியவன். அவதூறுச் சட்டத்தை வழக்குகள் வழியாகத்தான் கற்றேன். நோட்டீஸ் வந்தால் நல்ல வக்கீலைப் பாருங்கள், அதற்கு இந்தப் பதிவு மாற்று இல்லை. ஆனால் அழிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அது தெரியாததால்தான் நிலைத்திருக்க வேண்டிய பல உண்மைகள் இணையத்திலிருந்து காணாமல் போகின்றன.

முதலில் அந்தக் கேள்விக்கே வருகிறேன். நம் நாட்டில் அதற்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உங்கள் மீது நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு போட்டால், எழுதியது உண்மை என்று நிரூபித்துவிட்டால் போதும், வழக்கு தோற்கும். அதே பதிவுக்காக மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் கிரிமினல் புகார் கொடுத்தால் உண்மை மட்டும் போதாது. அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். ஒரே வரி, ஒரே ஊர், ஒரே ஆள். ஆனால் ஒரு கோர்ட்டில் தப்பிக்கும் உண்மை இன்னொரு கோர்ட்டில் தப்பிக்காமல் போகலாம்.

கிரிமினல் அவதூறு 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்தது. மெக்காலே தலைமையிலான குழு எழுதிய வரைவிலிருந்து வந்த சட்டம் அது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதில் அவதூறு 356-வது பிரிவு. எண் மாறியது, உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாகச் சேர்ந்தது சமூக சேவை என்ற தண்டனை. இணையத்துக்கென்று தனி அவதூறுச் சட்டம் நம்மிடம் கிடையாது. 'சைபர் கிரைமில் கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்' என்று மிரட்டுபவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை. அது செத்துப்போன பிரிவு.

அது எப்படிச் செத்தது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. 2012 அக்டோபரில் புதுச்சேரியைச் சேர்ந்த சிறு தொழிலதிபர் ஒருவர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காகக் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது மிகச் சிலர். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். பால் தாக்கரே இறந்தபோது மும்பை மூடப்பட்டதைப் பற்றி ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதினார், இன்னொருவர் அதற்கு லைக் போட்டார். ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹின்டன் நாரிமனும் 66ஏ-வை முழுவதுமாக ரத்து செய்தார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் அதே பிரிவில் சில காவல் நிலையங்கள் வழக்குப் பதிவு செய்துகொண்டிருந்தன, உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டியிருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். 66ஏ இல்லாத நிலையில், வெறும் அவதூறுக்காகப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு உங்களைக் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்ட்ரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். ஜாமீன் கிடைக்கும் குற்றம், இரு தரப்பும் சமாதானமாகிப் போகவும் முடியும். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு 'எடுத்துடுங்க தம்பி, இல்லேன்னா எஃப்.ஐ.ஆர்.தான்' என்றால், எந்தப் பிரிவில் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

'பாதிக்கப்பட்டவர்' என்ற நிபந்தனைக்கும் பல் உண்டு. 2005-ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காக 23 கிரிமினல் புகார்கள் போடப்பட்டன, அநேகமாக எல்லாம் தமிழ்நாட்டில். தமிழ்ப் பெண்களின் மானம் போய்விட்டது என்று யார் யாரோ ஊர் ஊராகப் புகார் கொடுத்தார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. அவர் எந்தத் தனி ஆளையும் அடையாளம் காணக்கூடிய எந்தக் குழுவையும் குறிப்பிடவில்லை, புகார் கொடுத்த எவரும் சட்டப்படி பாதிக்கப்பட்டவர் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இன்றைக்கு ஒரு யூடியூப் வீடியோவுக்கு எதிராக 'எங்கள் ரசிகர்களின் மனம் புண்பட்டது' என்று கிளம்புகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அவர் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, எதை எழுதினால் மாட்டுவோம்?

அவதூறுக்கு மூன்று விஷயம் சேர வேண்டும். ஒருவரின் பெயரைக் கெடுக்கும் கூற்று, அது இன்னாரைப் பற்றியது என்று படிப்பவருக்குப் புரிவது, அது மூன்றாவது ஆளுக்குப் போய்ச் சேர்வது. பெயரைச் சொல்லாமல் 'எங்கள் தெரு முனையில் இருக்கும் மூன்றெழுத்து டாக்டர்' என்று எழுதினால் தப்பித்தோம் என்று பலர் நம்புகிறார்கள். தெருவில் இருப்பவர்களுக்குப் புரிந்தால் போதும், தப்பிக்க முடியாது. இன்பாக்ஸில் அந்த ஆளுக்கே நேராகத் திட்டி அனுப்பினால் அது அவதூறு ஆகாது. அது வேறு குற்றமாக இருக்கலாம். அதே வரியைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் அங்கே வெளியீடு நடந்துவிட்டது.

ஃபார்வர்டு செய்தாலும் வெளியீடுதான். 'நான் எழுதலீங்க, வந்ததை அனுப்பினேன்' என்ற வாதத்துக்கு இப்போது கோர்ட்டில் மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை நடிகர் எஸ்.வி. சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமலே பகிர்ந்துவிட்டேன், சில மணி நேரத்தில் நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன் என்றார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்கவில்லை. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு, அது செய்த காயத்துக்கு அனுப்பியவர்தான் பொறுப்பு என்றார். 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறை விதித்தது. அது அவதூறுப் பிரிவில் நடந்த வழக்கு இல்லை, பெண்களை இழிவுபடுத்தியது முதலான வேறு பிரிவுகள். ஆனால் பகிர்ந்தவரின் பொறுப்பு பற்றி அதில் சொன்னது எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டப்படும்.

நேரடியாக அவதூறுப் பிரிவிலேயே இந்தக் கேள்வி அர்விந்த் கேஜ்ரிவால் வழக்கில் வந்தது. 2018-ல் யூடியூபர் ஒருவரின் வீடியோவை அவர் ரீட்வீட் செய்தார். வீடியோவில் குறிப்பிடப்பட்டவர் புகார் கொடுத்தார். வீடியோ எடுத்தவர் மீது ஏன் வழக்கு இல்லை, என் மீது மட்டும் ஏன் என்று கேஜ்ரிவால் கேட்டார். 2024 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், அவதூறான பதிவை ரீட்வீட் செய்வதும் வெளியீடே என்றது. லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவர் பகிரும்போது சேதம் பல மடங்கு என்றும் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அவர் தவறை ஒப்புக்கொண்டார். அன்றைய தில்லி முதலமைச்சருக்கே இதுதான் நிலை.

வாட்ஸ்ஆப் குழு அட்மின்களுக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதல். கரூர் வக்கீல்களின் குழு ஒன்றில் யாரோ போட்ட செய்திக்காக அட்மின் மீதும் வழக்கு வந்தது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அட்மினாக இருந்தது தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிடும்படி சொன்னார். பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போயிருக்கின்றன.

இனி நான் நின்று நிதானமாகப் பேச விரும்பும் இடம். 499-ஐக் காட்டி மிரட்டுபவர்கள் யாரும் அதன் பின்பாதியைக் காட்டுவதில்லை. அதில் பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன, புதிய 356-லும் அவை இருக்கின்றன. அரசு ஊழியரின் பொதுப் பணி குறித்த நல்லெண்ணக் கருத்து குற்றமாகாது. பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றிய கருத்தும் அப்படியே. கோர்ட் நடவடிக்கை பற்றிய உண்மையான செய்தி, அதிகாரம் உள்ளவரிடம் கொடுக்கும் புகார், தன் நலனையோ பிறர் நலனையோ காக்கச் சொல்வது, பிறரை எச்சரிக்கச் சொல்வது எல்லாம் விதிவிலக்கில் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆறாவது. ஒரு படைப்பைப் பொதுமக்கள் முன் வைத்தவர் அதன் மீதான தீர்ப்புக்கும் தன்னை ஒப்புக்கொடுத்தவர் என்கிறது அது. புத்தகம் எழுதியவர், மேடையில் பேசியவர், நடித்தவர், பாடியவர் எல்லோரும் இதில் அடக்கம். சட்டமே உதாரணமும் தருகிறது. ஒருவரின் புத்தகம் முட்டாள்தனமானது, ஆகவே அவர் அறிவில் குறைந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதலாம். புத்தகத்தில் தெரிகிற அளவுக்கு மட்டும் அவர் குணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதற்கு இடம் உண்டு. ஆனால் 'அவர் ஒழுக்கம் கெட்டவர், அதனால்தான் புத்தகம் இப்படி இருக்கிறது' என்று எழுதினால் விதிவிலக்கு காக்காது, ஏனென்றால் புத்தகத்துக்கு வெளியே போய்விட்டீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்த உதாரணம் இன்றைய சினிமா விமர்சன வீடியோக்கள் அனைத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. படம் மோசம், திரைக்கதையில் ஓட்டை, நாயகனுக்கு நடிக்க வரவில்லை என்று எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். தயாரிப்பாளருக்குப் பணம் எந்த வழியில் வந்தது என்று ஆதாரமில்லாமல் போகிற போக்கில் சொன்னால் மாட்டுவீர்கள்.

இந்த விதிவிலக்குகளில் பெரும்பாலானவை 'நல்லெண்ணம்' என்ற நிபந்தனையில் நிற்கின்றன. மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்று சொன்னால் போதாது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்று சட்டம் வரையறுக்கிறது. எழுதும் முன் என்ன சரிபார்த்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், எந்தக் காகிதத்தைப் பார்த்தீர்கள், எதிர்த் தரப்பிடம் விளக்கம் கேட்டீர்களா என்பதுதான் கேள்வி. நான் எழுதிய காலத்தில் ஒரு செய்தி அச்சுக்குப் போகும் முன் உதவி ஆசிரியரும் செய்தி ஆசிரியரும் இதைத்தான் கேட்டுக் குடைவார்கள். இன்று ஃபோன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வெளியீட்டாளர், குடைந்து கேட்க அருகில் யாரும் இல்லை. அந்தக் கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

என் சித்தி மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். வீடு கட்டிக் கொடுத்த நிறுவனம் பற்றி ரிவ்யூ எழுதி, நோட்டீஸ் வாங்கி, ஃபோன் செய்தாள்.

"அண்ணா, ஒரு கோடி கேக்கறாங்க. இவரு பயந்துட்டு அழிச்சிருன்னு சொல்றாரு."

"என்ன எழுதினேன்னு வார்த்தை மாத்தாமப் படிம்மா."

படித்தாள். சொன்ன தேதிக்கு வீட்டைத் தரவில்லை. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. கடிதம் போட்டும் பதில் இல்லை. கடைசியில்: பக்கா திருடனுங்க, அதிகாரிகளுக்குக் காசு கொடுத்துத்தான் அப்ரூவல் வாங்கியிருக்கானுங்க.

முதல் மூன்றுக்கும் அவளிடம் ஒப்பந்தம் இருந்தது, தேதி போட்ட படங்கள் இருந்தன, கடிதங்களின் ஒப்புகைச் சீட்டு இருந்தது. வீடு வாங்கப்போகும் மற்றவர்களை எச்சரிக்கிறாள், அதுவே பொது நன்மை. கடைசி வரிக்கு எந்த ஆதாரமும் இல்லை, கோபம் மட்டும்தான். வக்கீலைப் பார்த்து, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை நிறுத்தினாள். ஆவணப் பட்டியலோடு நோட்டீஸுக்குப் பதிலும் போனது. அவர்கள் வழக்குப் போடவில்லை.

நோட்டீஸில் இருக்கும் கோடிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் எந்தத் தொகை எழுதவும் செலவில்லை. வழக்காகப் போடும்போது கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், தமிழ்நாட்டில் அது 2017 திருத்தத்துக்குப் பிறகு 3 சதவீதம். ஒரு கோடி கேட்டால் மூன்று லட்சம், நூறு கோடி கேட்டால் மூன்று கோடி. நோட்டீஸ்களில் பெரும்பகுதி வழக்காக மாறாததற்கு இது ஒரு காரணம். அதனால் நோட்டீஸை அலட்சியம் செய்யலாம் என்று சொல்லவில்லை. அந்தத் தொகையைப் பார்த்து ராத்தூக்கம் கெட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

உண்மையான தண்டனை வேறு இடத்தில் இருக்கிறது. கிரிமினல் புகாருக்கு அப்படிப் பெரிய கட்டணம் கிடையாது. சம்மன் வந்துவிட்டால் வாய்தா வாய்தாவாகக் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும். சிவில் வழக்கிலும், தவறு நடந்த இடத்திலோ பிரதிவாதி வசிக்கும் இடத்திலோ போடலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-வது பிரிவு வாதிக்குத் தேர்வு தருகிறது. இணையத்தில் போட்டதை எந்த ஊரிலும் படிக்கலாமே! தூத்துக்குடியில் உட்கார்ந்து எழுதியவரைத் தில்லிக்கு இழுக்க அந்த வாதம் கைகொடுக்கிறது. பணமுள்ள நிறுவனத்துக்கு இது மாதாந்திரச் செலவில் ஒன்று. தனி ஆளுக்கு வேலையும் சேமிப்பும் கரையும். தீர்ப்பு வரும்போது அவர் ஜெயித்தாலும் அந்த வருடங்களை யாரும் திருப்பித் தருவதில்லை.

பத்திரிகையாளர் பிரியா ரமணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரில், முன்னாள் பத்திரிகை ஆசிரியரும் அன்றைய மத்திய இணையமைச்சருமான எம்.ஜே. அக்பர் பற்றி அவர் ட்விட்டரில் எழுதினார். பல வருடங்களுக்கு முன் வேலைக்கான நேர்காணலில் தனக்கு நடந்ததைப் பற்றிய பதிவு அது. அக்பர் பதவி விலகினார், கிரிமினல் அவதூறு வழக்கும் போட்டார். 2021 பிப்ரவரி 17 அன்று தில்லி நீதிமன்றம் பிரியாவை விடுவித்தது. ஒரு பெண்ணின் கண்ணியத்தைப் பலிகொடுத்து இன்னொருவரின் நற்பெயரைக் காக்க முடியாது, பல பத்தாண்டுகள் கழித்தும் தான் விரும்பும் தளத்தில் அவள் பேசலாம் என்று தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியோடு கூடவே ஒரு கோபமும் வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் இடத்தில் இரண்டு வருடத்துக்கும் மேல் நின்றவர் அவர்தான்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் தொடுக்கும் வழக்குகளைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு இந்தச் சட்டத்தில் பெரிய இடம் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது, வெளியிட்டால் நடவடிக்கை என்று சிறைத்துறை மேலதிகாரி கடிதம் அனுப்பினார். அதிகாரிகளுடன் சங்கருக்கு இருந்த தொடர்புகள் அதில் வரும் என்பதே பயம். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற பெயரில் 1994-ல் வந்த தீர்ப்பு இன்றும் நமக்குக் கவசம். அரசுக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ அவதூறுக்காக நஷ்ட ஈடு கேட்கும் உரிமை இல்லை. பொது ஊழியர் தன் கடமை சார்ந்த விஷயத்தில் வழக்கு போட வேண்டுமானால், எழுதியது பொய் என்பதோடு உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதப்பட்டது என்றும் காட்ட வேண்டும். நியாயமான அளவு சரிபார்த்து எழுதினேன் என்று எழுதியவர் காட்டினால் போதும். தார் ரோட்டைப் படமெடுத்தவருக்கு நான் சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான்.

2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் இன்னொரு படி மேலே போனார். 'தி இந்து'வின் என். ராம் உட்படப் பல பத்திரிகையாளர்கள் மீது, ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த காலத்தில் அரசு வழக்கறிஞர் வழியாகப் போடப்பட்டிருந்த கிரிமினல் அவதூறு வழக்குகளை ரத்து செய்தார். தனி மனிதரைப் போல அரசு உணர்ச்சிவசப்படக் கூடாது, பெற்றோரைப் போலப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அரசு வழக்கறிஞர் வந்த கோப்பை அப்படியே கோர்ட்டுக்குத் தள்ளிவிடக் கூடாது என்றார்.

இதுவரை எழுதுபவரின் பக்கமே நின்று பேசிவிட்டேன். எழுதப்பட்டவரும் நம்மைப் போன்ற ஆள்தான். பொய்ச் செய்தி ஒன்று ஊர்க் குழுக்களில் சுற்றி, வேலை போன ஆசிரியர்களையும் கல்யாணம் நின்ற பெண்களையும் நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தச் சட்டம் என்ன தருகிறது என்று கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தளத்திடம் புகார் கொடுத்தால் 'கோர்ட் உத்தரவு கொண்டு வாருங்கள்' என்ற பதில்தான் அநேகமாக வரும். அதற்கும் காரணம் இருக்கிறது. ஐடி சட்டத்தின் 79-வது பிரிவு, பயனர்கள் போடும் பதிவுக்குத் தளத்தின் மீது பொறுப்பு விழாமல் காக்கிறது. கோர்ட் உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் தளத்துக்கு 'தெரிந்தது' என்று கொள்ள வேண்டும் என ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு சொன்னது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் பணக்காரர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினாலே எல்லாம் அழிக்கப்பட்டுவிடும். ஆனால் அதன் விலையைக் கொடுப்பது கோர்ட்டுக்குப் போக வசதியில்லாதவர். எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு வழக்கு: 2008-ல் கூகுள் குழு ஒன்றில் ஆஸ்பெஸ்டாஸ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றைப் பற்றி வந்த கட்டுரைகளுக்காகச் செகந்திராபாத்தில் கிரிமினல் புகார் போனது. 79-வது பிரிவின் பழைய வடிவம் கூகுளைக் காக்குமா என்ற கேள்விக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் பதில் சொன்னது. காக்காது என்றது. விசாரணை அதற்குப் பிறகுதான். கட்டுரை வந்து பதினோரு வருடம்!

பாதிக்கப்பட்டவர்கள் கோட்டை விடும் இடங்கள் இரண்டு. ஒன்று காலம். சிவில் வழக்குக்கு வெளியான நாளிலிருந்து ஒரு வருடம்தான். 'பதிவு இன்னும் இணையத்தில் இருக்கிறதே, தினமும் புதிதாக வெளியாவது போலத்தானே' என்ற வாதத்தை 2013-ல் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. முதல் வெளியீட்டிலிருந்தே கணக்கு என்றது. கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம். 'தானா அடங்கிடும்' என்று காத்திருந்து நாளைக் கடத்தியவர்கள் பலர்.

இன்னொன்று சாட்சியம். இந்தியாவின் முதல் இணைய அவதூறு வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கும் வழக்கில், தன் ஊழியர் அவதூறு மின்னஞ்சல்கள் அனுப்புகிறார் என்று ஒரு நிறுவனம் 2001-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. அந்தத் தடையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வழக்கு முடிந்தபோது நடந்ததைச் சொல்வதில்லை. 2014-ல் விசாரணை நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, அனுப்பியவர் அவர்தான் என்பது முறையான சாட்சியத்தோடு நிரூபணமாகவில்லை. வெறும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் இன்றும் அதுவே நடக்கும். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் டிஜிட்டல் கைரேகையான ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். பதிவின் முழு முகவரி, தேதி, நேரம், கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி எடுத்துவையுங்கள். வந்த ஃபோனிலேயே அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

ஆக, வசதியுள்ளவர் கையில் இந்தச் சட்டம் பிறர் வாயை அடைக்கிறது. வசதியில்லாதவரின் பெயர் கெடும்போது அது வந்து சேர்வதே இல்லை. பல வருடம் கோர்ட் வராந்தாக்களில் நின்று பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, அவதூறுக்குச் சிறை தேவையே இல்லை என்பதுதான். பொய்யான பதிவு சீக்கிரம் நீங்க வேண்டும், திருத்தமும் மன்னிப்பும் அதே இடத்தில் வர வேண்டும், நியாயமான நஷ்ட ஈடு வர வேண்டும். எதிராளி சிறைக்குப் போவதால் ஆசிரியரின் வேலையோ அந்தப் பெண்ணின் நிம்மதியோ திரும்புவதில்லை.

இலங்கை 2002-லேயே கிரிமினல் அவதூறை நீக்கியது, பின்னால் 2024-ல் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்று வேறு கவலை வந்தது தனிக் கதை. நமக்கு இந்தச் சட்டத்தைக் கொடுத்த பிரிட்டனும் தன் நாட்டில் அதை ஒழித்து 2010-லிருந்து நிம்மதியாக இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றம் 2016 மே 13 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், நற்பெயர் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி, ஆகவே சிறைத் தண்டனை அரசியலமைப்புக்கு விரோதமில்லை என்றது. நற்பெயர் வாழ்வின் பகுதி என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதைக் காக்கச் சிறை எதற்கு என்பதுதான் என் கேள்வி. சட்ட ஆணையமும் 2024-ல் தன் 285-வது அறிக்கையில் கிரிமினல் அவதூறு தொடரட்டும் என்றது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் ஒரு விசாரணையின்போது, இதையெல்லாம் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று வாய்மொழியாகச் சொன்னார். அது தீர்ப்பு இல்லை. ஆனாலும் அந்த நீதிமன்றத்திலிருந்தே அப்படி ஒரு குரல் வந்தது எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது.

அதுவரைக்கும் நடைமுறையில் உதவுவது இரண்டு உண்டு. வழக்கு முடியும் முன்பே பதிவை நீக்கச் சொல்லி இடைக்காலத் தடை கேட்டால், 2024 மார்ச்சில் புளூம்பெர்க் எதிர் ஜீ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீல் எடுத்துக்காட்டட்டும். விசாரணைக்கு முன்பே ஒரு கட்டுரைக்குத் தடை போடுவது அதற்கு மரண தண்டனை மாதிரி, மிக அரிதாகத்தான் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய நிறுவனங்கள் வழக்கையே ஆயுதமாக்கிப் பேச்சை முடக்குவதையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது.

இரண்டாவது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-வது பிரிவு. முன்பெல்லாம் சம்மன் கைக்கு வந்த பிறகுதான் புகார் இருப்பதே தெரியவரும். இப்போது தனிப் புகாரை ஏற்பதற்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பையும் கேட்க மாஜிஸ்ட்ரேட் வாய்ப்புத் தர வேண்டும். 2024 ஜூலைக்குப் பிறகு கொடுக்கப்பட்ட புகார் என்றால், அந்த வாய்ப்பு தரப்பட்டதா என்று முதலில் வக்கீலிடம் விசாரியுங்கள். தரப்பட்டால் ஒப்பந்தம், படங்கள், கடித நகல்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, அந்த முதல் நாளிலேயே கொண்டுபோய் முன்னால் வையுங்கள்.